தட்டில் விழுந்த வெற்றிலை

சிலிபின், ஈப்போ
20 ஜூலை, திங்கட்கிழமை

அன்புள்ள பிரமிளாவுக்கு,

கலா எழுதுகிறேன். உறை மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். அப்படியே குப்பையில் போடாமல் பிரித்ததற்கு முதலில் நன்றி. நீயும் தர்மேந்திரன் அண்ணனும் நல்ல சுகத்தோடு இருக்கிறீர்கள் என்று உன் தம்பி மகேந்திரன் சொன்னான். பெர்த்தில் இப்போது குளிர்காலமாமே. இங்கே இரண்டு நாள் மழை பெய்தாலே ஸ்வெட்டர் தேடுகிறவள் நீ. அந்த முதியோர் இல்லத்துக் காலை ஷிப்டுக்கு எப்படித்தான் எழுந்து போகிறாயோ.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஒவ்வொரு தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புகிறேன், ஒரே ஒரு டிக்கோடு நிற்கிறது. அதனால் மகேந்திரனிடம் விலாசம் கேட்டேன். கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தான். அவனைத் திட்டாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தொகுதியில் இடைத்தேர்தல்! சட்டமன்ற உறுப்பினர் போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். கட்சி இந்த முறை ஒரு பெண்ணை நிறுத்துகிறது. நான் நிறுத்த வைத்தேன் என்று சொல்வதுதான் சரி. பெயர் தினேஸ்வரி, வயது முப்பத்தாறு. எந்த ஊர்ப் பெண் என்று நினைக்கிறாய்? உன்னுடைய கிளென்மூர் தோட்டம்தான். கீழ் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டு ராமையாவின் மகள். உன் பிரசாரத்தில் கொடி கட்ட வந்த ஒல்லிப் பெண் என்றால் உனக்கு ஞாபகம் வரும். இப்போது ஒல்லி இல்லை. ஒன்பது வருடமாகச் சிலிபினில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். எந்தப் பிள்ளை எந்த வீடு, எந்த வீட்டில் அம்மா வேலைக்குப் போகிறாள், எந்த வீட்டில் அப்பா குடிக்கிறார், எல்லாம் அவளுக்குத் தெரியும். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் தடவியதை அவள் வேன் கண்ணாடி வழியாகவே பார்த்து வைத்திருக்கிறாள்.

நீ போன பிறகு நான் இந்தத் தேர்தல் வேலையை விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. வக்கீல் ஆபீசில் நீயும் நானும் எதிர் எதிரே உட்கார்ந்திருந்த அந்த மேசையைத்தான் விட்டேன். முழுநேரமும் இதேதான் செய்கிறேன். தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவி பதவியில் ஆரம்பித்தது. பிறகு கூட்டுறவுச் சங்கம், கிராமத் தலைவி, சட்டமன்றம் என்று ஏறி இதுவரை ஒன்பது பெண்கள். அதில் ஐந்து பேர் ஜெயித்தார்கள். தெலுக் இந்தானில் ஒரு அக்கா, மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மேடையே வேண்டாம் என்று தினமும் காலையில் சந்தைக்கு அனுப்பினேன். மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே பேசிப் பேசி ஜெயித்துவிட்டாள்! ஆண்களுக்கு நான் வேலை செய்வதில்லை. ஒருவர் பெரிய காரில் வந்து கேட்டார். உங்களுக்குத்தான் அம்மா, மனைவி, அக்கா, தங்கை எல்லாரும் சும்மாவே வேலை செய்கிறார்களே, நான் எதற்கு என்று அனுப்பிவிட்டேன்.

என் வழக்கம் என்ன தெரியுமா? வேட்பாளரின் சமையலறைக்குள்தான் முதலில் போவேன். பிரசாரம் நடக்கும் பதினான்கு நாள் யார் சமைப்பது, யார் துணி காயப்போடுவது என்று தீர்த்துவிட்டுத்தான் கொடி, பதாகை எல்லாம். தினேஸ்வரியின் புருஷன் தனேஷ், தேர்தல் முடியும்வரை தானே சமைப்பதாக என் நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். வேனை ரஸ்னா ஓட்டுகிறாள். ரஸ்னா யாரென்றால் ஷம்சாத்தின் மருமகள். ஷம்சாத்தை உனக்குத் தெரியும், சிலிபின் முனையில் நாசி கண்டார் சோற்றுக் கடை. இப்போது அவள் கடை மாடிதான் எங்கள் ஆபீஸ். படி ஏறும்போதே மீன்குழம்பு வாசம் வந்து வேலையைக் கெடுக்கிறது.

இனி மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்சியின் வட்டாரத் தலைவர் இப்போது கார்த்திகேசு. பெண் வேட்பாளர் என்றதும் அவர் எடுத்து வீசியது உன் பெயரைத்தான். பிரமிளாவை நிறுத்திப் பார்த்தோமே, கோர்ட்டில் நின்று தோட்டத்து ஆட்களுக்கு வீடு வாங்கிக் கொடுத்தவளுக்கே அந்தச் சனம் ஓட்டுப் போடவில்லையே, நம்மவர்கள் பெண்ணுக்குப் போடமாட்டார்கள் என்றார். பதின்மூன்று வருடமாக எந்தப் பெண் பெயர் வந்தாலும் இதையே சொல்கிறார். நாற்பத்து மூன்று ஓட்டில் தோற்றாய் நீ. அந்த நாற்பத்து மூன்றைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறார் மனுஷன். தினேஸ்வரியும் தோற்றால் இந்த வட்டாரத்தில் இனிப் பெண்ணே கிடையாது என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதனால் இந்தத் தேர்தல் அவளுக்கு மட்டும் நடப்பதில்லை.

என் கணக்கில் கிளென்மூர்க்காரர்களை நான் சேர்க்கவே இல்லை. தோட்டம் செம்பனை எண்ணெய்க் கம்பெனிக்குக் கைமாறியதும் சிலிபினுக்கும் கிள்ளானுக்கும் ஜோகூருக்கும் போய்விட்டாலும், அடையாள அட்டையில் விலாசம் மாற்றாததால் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இன்னும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில்தான் ஓட்டு. உனக்கே வராதவர்கள் இவளுக்கா வரப்போகிறார்கள்? ஆனால் தினேஸ்வரி ஒற்றைக் காலில் நிற்கிறாள். "அக்கா, எங்காளுங்கள நேர்ல போயி தட்டு வெச்சு அழைக்கணும். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி. இல்லாட்டி வரமாட்டாங்க லா" என்கிறாள். பதினான்கு நாளில் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகவா? சாயங்காலங்களை மட்டும் தருகிறேன் என்று வேண்டா வெறுப்பாக ஒத்துக்கொண்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அவள் பக்கம்தான் பேசியிருப்பாய்.

சனிக்கிழமை வேட்புமனு தாக்கல். உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. உன் தோட்டத்துப் பெண் நிற்கிறாள், மனசுக்குள் ஒரு வார்த்தை நல்லபடியாக நினைத்துக்கொள்.

இப்படிக்கு
உன் கலாதேவி

---

சிலிபின், ஈப்போ
31 ஜூலை, வெள்ளிக்கிழமை

அன்பு பிரமிளா,

முதல் கடிதம் கிடைத்ததா இல்லையா தெரியவில்லை. கிடைத்திருந்தால் அதில் உன் சனத்தைப் பற்றி நான் எழுதியதை அடித்துவிடு. இதை எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன். ஷம்சாத் கடை மாடியில் பத்துப் பேர் போனில் பேசும் சத்தத்துக்கு நடுவில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

நல்ல செய்தி முதலில். வேட்புமனு அன்று நான்கு பேர், அதில் மூன்று பேர் ஆண்கள். அவர்கள் அலங்கரித்த காரில் வந்தார்கள். தினேஸ்வரி தன் ஸ்கூல் வேனைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். ஹார்ன் சத்தம் கேட்டதும் ரோட்டோரத்தில் நின்ற பிள்ளைகள் பழக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள்! எல்லாத் தரப்புத் தொண்டர்களும் சிரித்துவிட்டார்கள். நான் காசு கொடுத்து ஏற்பாடு செய்திருந்தாலும் அப்படி நடந்திருக்காது. சீனர் புதுக்கிராமத்திலும் மலாய்க் கம்போங்கிலும் அவளை வேன் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தட்டு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வக்கீல், வெற்றிலை பாக்கு எதுவும் தட்டில் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாக்காளருக்குப் பொருள் கொடுத்தாய் என்று எதிர்த்தரப்பு புகார் கொடுக்கலாமாம். இரண்டு வெற்றிலைக்கா வழக்கு என்று நான் கத்தினேன். அவர் அசையவில்லை. வெற்றிலை இல்லாமல் அழைப்புத் தட்டா? நானாக இருந்தால் அந்த யோசனையையே விட்டிருப்பேன். தினேஸ்வரி குங்குமமும் சந்தனமும் மட்டும் வைத்து, நடுவில் வெறுமையாக விட்டு எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலமே ஆரம்பித்தோம். முதல் வீடு எது தெரியுமா? மேல் லயத்து மங்களம் அக்கா. நீ வழக்கு நடத்தியபோது சாட்சிக் கூண்டில் ஏறி மேனேஜரையே வாயடைக்க வைத்தார்களே, அந்த மங்களம் அக்காதான். தோட்டத்தில் எந்த அழைப்பும் மேல் லயத்தில்தான் ஆரம்பிக்கும் என்று தினேஸ்வரி சொன்னாள். இப்போது மகனோடு சிலிபினில் மூன்றாம் மாடி பிளாட்டில் இருக்கிறார்கள். லிப்ட் வேலை செய்யவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நின்றேன்.

தினேஸ்வரி வாசலில் நின்று, கீழ் லயத்து ராமையா மகள் வந்திருக்கிறேன், அடுத்த சனிக்கு அடுத்த சனி நம் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு காரியம், வந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்று தட்டை நீட்டினாள். மங்களம் அக்கா தட்டைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. திரும்பி உள்ளே போய்விட்டார்கள். முடிந்தது கதை, கதவைச் சாத்தப்போகிறார்கள் என்று நினைத்தேன். சாமி மேடையிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்து வந்து தட்டில் வைத்தார்கள், பிரமிளா.

"வெறுந்தட்டோட வாசல்ல நிக்கக் கூடாதும்மா. இந்தா, வெத்தல வெச்சிட்டேன். கண்டிப்பா வாரேன்."

எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. அழைக்கப் போனவள் கொடுக்க வேண்டிய வெற்றிலையை அழைக்கப்பட்டவர்களே வைக்கிறார்கள்! இதை எந்த வக்கீல் தடுக்க முடியும்? இருபது வருடத்தில் நான் போட்ட எந்தத் திட்டமும் இதற்குப் பக்கத்தில் வராது. சந்தோஷத்தில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதுதான் மங்களம் அக்கா என் பக்கம் திரும்பினார்கள். நீதானே அப்போது பிரமிளாவோடு இருந்த டவுன் பொம்பளை என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அப்புறம் அவர்கள் சொன்னதை நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"அன்னிக்கு நாங்க வாரதுக்குத்தான் இருந்தோம். பட்டுப் பொடவைய எடுத்து இஸ்திரி போட்டு வெச்சிருந்தேன். பிரமிளா வந்து கூப்புடும் கூப்புடும்னு பாத்தோம். லெட்டர்தான் வந்துச்சு. தண்ணி பில்லோட பில்லா பொட்டியில கெடந்துச்சு. பெரிய எடத்துக்குப் போகப் போவுது, இனிமே நம்ம வேணாம் போலருக்குன்னு எங்களுக்கு மனசு விட்டுப்போச்சு. ஒரு வாட்டி வாசல்ல வந்து நின்னிருந்தா போதும்லா."

பிரமிளா, அந்தக் கடிதத்தை அனுப்பியது நான்.

நீ மறந்திருக்க மாட்டாய். கடைசி வாரத்தில் நீ கிளென்மூர் ஆட்களை ஒவ்வொரு வீடாகப் போய் அழைக்க வேண்டும் என்றாய். நான் வேண்டாம் என்றேன். அவர்கள் ஓட்டு உன் கையில் இருக்கும் ஓட்டு, கையில் இல்லாததைத் தேடிப் போ என்றேன். நீ கேட்கவில்லை. வேலை முடிந்தபிறகு நானே காரை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாய். நான் உன் கார் சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். உன் கையெழுத்தை அச்சடித்து, எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் தபாலில் அனுப்பினேன். எவ்வளவு சாமர்த்தியம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்த எனக்கு, தோட்டத்தில் வாசலில் வந்து கூப்பிடாத அழைப்பு அழைப்பே இல்லை என்று தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது. நான்தான் உன்னைப் போகவிடவில்லை.

வாக்களிப்பு நாளில் நீ பள்ளிக்கூடத்து வாசலில் செம்மண் பாதையைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம்வரை நின்றாய். யாரும் வரவில்லை. முடிவு வந்ததும் நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் சனமே உன்னைக் கைவிட்டுவிட்டது என்றேன். அதை நீ நம்பினாய். அடுத்த மூன்று மாதத்தில் தர்மேந்திரன் அண்ணனுக்குச் சுரங்க வேலை கிடைத்தது, வீட்டை விற்றீர்கள், போய்விட்டீர்கள். நானும் பதின்மூன்று வருடமாக அதையே நம்பி, கார்த்திகேசு சொல்லும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறேன்.

மங்களம் அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். தினேஸ்வரி தட்டைக் கீழே வைக்காமல் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு போன வீடுகளில் நானே வாய்விட்டுக் கேட்டேன். புந்தோங்கில் ஒரு மாமா, லெட்டர் வந்தது ஆள் வரவில்லை என்றார். இன்னொரு வீட்டில் அந்த லெட்டரையே இன்னும் வைத்திருக்கிறார்கள். யாரும் உன்மேல் கோபமாகப் பேசவில்லை. வருத்தமாகத்தான் பேசினார்கள். உன்னை யாரும் கைவிடவில்லை, பிரமிளா. நீ வருவாய் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை, அதனால் இப்போது கேட்கவில்லை. உண்மை உனக்குத் தெரிந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் இவ்வளவு வெட்கத்திலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மங்களம் அக்கா வெற்றிலை வைத்த செய்தி எங்களுக்கு முன்னாலேயே ஓடுகிறது. இப்போது வீட்டில் வெற்றிலை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கூப்பிட வருகிறார்களா, எங்கள் பக்கம் எப்போது என்று மகேந்திரனுக்குப் போன் மேல் போன். தட்டில் விழும் வெற்றிலையை ஷம்சாத் ஈரத்துணியில் சுற்றிக் கடை பிரிட்ஜில் வைக்கிறாள். ஓட்டுப் போட வரப்போகிற ஒரு ஆளுக்கு ஒன்று. நேற்றுவரை நூற்று நாற்பத்தாறு. கட்சி தலைமையகத்திலிருந்து வந்த பையன்கள் கணினியில் வண்ணம் வண்ணமாகக் கருத்துக் கணிப்பு காட்டினார்கள். நான் பிரிட்ஜைத் திறந்து காட்டினேன்.

தனேஷின் சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை. ஆனாலும் சொன்ன வாக்கு மாறாமல் செய்கிறான்.

கலா

---

சிலிபின், ஈப்போ
10 ஆகஸ்ட், திங்கட்கிழமை

என் அன்பு பிரமிளா,

ஜெயித்துவிட்டோம்! நூற்றுத் தொண்ணூற்றேழு ஓட்டு வித்தியாசம்!

மகேந்திரன் அன்றைக்கே உனக்குச் சொல்லியிருப்பான். இருந்தாலும் நான் என் கையால் எழுத வேண்டும். தொண்டை கட்டிப்போய் இரண்டு நாளாகச் சைகையும் கிசுகிசுப்புமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். கடிதத்துக்குக் குரல் தேவையில்லை என்பது வசதி.

வாக்களிப்பு நாளன்று காலை ஏழரைக்கே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போய்விட்டோம். சுற்றிலும் செம்பனை மரங்கள், நீ பார்த்த லயங்கள் ஒன்றுகூட இல்லை. பள்ளியும் கோயிலும் மட்டும் நிற்கின்றன. பாதையும் அதே செம்மண் பாதைதான். தினேஸ்வரி வேன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு, நீ நின்ற அதே இடத்தில் நின்றாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் போய்க் கைத்தொலைபேசியை எடுத்து, என்ன எழுதுவதென்று தெரியாமல் உனக்கு ஒரே ஒரு வணக்கம் அனுப்பினேன். வழக்கம்போல ஒரு டிக்கோடு நிற்கும் என்றுதான் அனுப்பினேன்.

இரண்டு டிக் விழுந்தது.

நான் போட்ட சத்தத்தில் ஷம்சாத் பாம்பு ஏதும் வந்துவிட்டதோ என்று ஓடி வந்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் நீலமாயின. நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பரவாயில்லை. அந்த நீலத்தைப் பத்துத் தரமாவது எடுத்துப் பார்த்திருப்பேன்.

அதே நேரத்தில்தான் பாதையில் புழுதி கிளம்பியது. முதல் கார் மங்களம் அக்காவின் மகனுடையது. மங்களம் அக்கா பச்சைப் பட்டுப் புடவையில் இறங்கினார்கள். அன்றைக்கு இஸ்திரி போட்டு வைத்த புடவை இதுதான் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வரிசைக்குப் போனார்கள். பின்னால் இன்னொரு கார், அதற்குப் பின்னால் ஒன்று. கிள்ளானிலிருந்து, கோலாலம்பூரிலிருந்து, ஜோகூரிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கே புறப்பட்டவர்கள். நாங்கள் யாரையும் கூட்டி வரவில்லை, அவரவர் செலவில் அவரவர் வண்டியில் வந்தார்கள். பள்ளி வாசலில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, நீ மேல் லயமா, கிணற்றடி வீடா என்று விசாரிக்கிறார்கள். ஓட்டுப் போட வந்த கூட்டமா, கல்யாணக் கூட்டமா என்று தேர்தல் அதிகாரியே குழம்பிப் போனார். எனக்கு அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தது. இத்தனை பேரும் உனக்கும் வந்திருப்பார்கள் என்ற நினைப்பு மட்டும் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

பிரிட்ஜில் இருந்த வெற்றிலை இருநூற்று எண்பத்தொன்று. வெற்றிலை வைத்தவர்கள் வராமல் இருந்திருந்தால் தினேஸ்வரி தோற்றிருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முடிவு அறிவித்ததும் அவள் மேடைக்குப் போகாமல் நேராக வேனுக்குப் போய் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தனேஷ் கதவைத் திறந்து, அழுதது போதும், திங்கட்கிழமையிலிருந்து நீயே சமைத்துக்கொள் என்றான். அதற்கப்புறம்தான் சிரித்தாள். நான் தனேஷின் ஒப்பந்தத்தை ஐந்து வருடத்துக்கு நீட்டித்திருக்கிறேன்.

கார்த்திகேசு மைக்கைப் பிடித்து, பெண்களுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தான் எப்போதுமே சொல்லி வந்ததாகப் பேசினார். நான் சும்மா விடவில்லை. கீழே இறங்கியதும் ஓரமாகக் கூட்டிப் போய், பிரமிளா தோற்றது பெண் என்பதால் இல்லை, என்னால் என்று சொன்னேன். அந்தக் கடிதம், கார் சாவி, எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி நின்றவர்களும் கேட்டார்கள். இனிமேல் அந்த நாற்பத்து மூன்றை யாராவது வாயில் எடுத்தால் அதன் பக்கத்தில் என் பெயரைத்தான் சொல்ல வேண்டும், உன் பெயரை இல்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அடுத்த பொதுத்தேர்தலில் பக்கத்துத் தொகுதிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து வை என்றார். நான் நோட்டில் ஒரே ஒரு பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

நேற்று நன்றி சொல்ல மறுபடி வீடு வீடாகப் போனோம். மங்களம் அக்கா தினேஸ்வரிக்குத் திருஷ்டி கழித்துவிட்டு என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்கள். உனக்கு நான் எழுதியது, நீ நீலமாக்கியது எல்லாம் சொன்னேன். நீ இன்னும் மலேசியப் பாஸ்போர்ட்டைத்தான் வைத்திருக்கிறாய் என்று மகேந்திரன் சொன்னதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே காய் நறுக்கினார்கள்.

"ஜெயிக்கிறது தோக்கிறது அப்புறம். அவ இன்னும் எங்கள அழைக்கலயே. வந்து ஒரு வாட்டி வாசல்ல நிக்கச் சொல்லு. நான் வெத்தல வாங்கி வெக்கிறேன்."

இதை உனக்கு எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் நேற்று வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். பாதி எழுதும்போது எனக்கே சுருக்கென்றது. என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன்? மறுபடியும் ஒரு கடிதம், மறுபடியும் ஒரு தபால் பெட்டி. பதின்மூன்று வருடம் கழித்தும் எனக்குப் புத்தி வரவில்லையே என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அதனால் இந்தக் கடிதத்தை நீ அழைப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இது தகவல் மட்டும். 22ஆம் தேதி, சனிக்கிழமை, நான் பெர்த்துக்கு வருகிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது. ஸ்வெட்டர் ரஸ்னா கொடுத்தாள். இப்போதுதான் டிக் விழுகிறதே, மெசேஜிலேயே கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் நீ வேண்டாம் என்று எழுதிவிடலாம். இந்தச் சாதாரணத் தபால் உன் கைக்கு வந்து சேரும்போது நான் விமானம் ஏறும் நேரமாகியிருக்கும். தேர்தல் வேலை செய்து செய்து இவ்வளவுகூடக் கற்றுக்கொள்ளவில்லை என்றால் எப்படி?

பக்கத்துத் தொகுதிக்காகத்தான் வருகிறேன் என்று நினைக்காதே. பொய், அதற்காகவும்தான் வருகிறேன். ஆனால் நீ நிற்கமாட்டேன் என்றாலும், ஈப்போவுக்கு இனி வரவே மாட்டேன் என்றாலும், உன் வாசலில் வந்து நின்று ஒரு முறை உன்னைப் பார்த்துச் சொல்ல வேண்டியது எனக்கு இருக்கிறது. அதைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும்.

இன்று காலையில் போய்ச் சொன்னதும் மங்களம் அக்கா தன் பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். புடவைக்கு நடுவில் வைத்துப் பெட்டியில் கட்டிவிட்டேன். வெற்றிலையை அங்கே விமான நிலையத்தில் உள்ளே விடமாட்டார்களாம், பிடுங்கிப் போட்டுவிடுவார்களாம். அதனால் வெறுந்தட்டோடுதான் வருவேன். உன் வீட்டில் சாமி மேடை இருக்கும், வெற்றிலை இருக்குமோ இருக்காதோ தெரியாது. இல்லாவிட்டால் பரவாயில்லை. கதவை மட்டும் திற, பிரமிளா.

உனக்கும் தர்மேந்திரன் அண்ணனுக்கும் எல்லா நலமும் நிறையட்டும்.

அன்றைக்கு உன் கார் சாவியை எடுத்து வைத்துக்கொண்ட
கலா